ஏ அடித்தால் க்யூ

குருசுக்குப்பம்,
மீன்வண்டி போன பிறகும் ஈரம் காயாத சந்து.
கதவில் பழைய எண் ஐந்து, புதிய எண் ஆறு.
இரண்டும் தப்பென்று யாரோ
மூன்றாவதாக ஓர் எண்ணைக் கரியால் எழுதியிருந்தார்கள்.
ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு போன் பண்ணினேன்.
"உள்ளே வாங்க, நாய் இல்லை" என்றார் மதாம் கிளோத்தில்.

கறுப்புத் திரை. இடது மூலையில்
கிரப் ரெஸ்க்யூ என்று இரண்டு சொல்.
பக்கத்தில் ஒரு கோடு விட்டுவிட்டுத் துடிக்கிறது.
நாளைக் காலை ஒன்பதுக்குத் தூதரகம்.
நாற்பத்தொரு பிறப்புச் சான்றிதழ்கள்
தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்து
முத்திரைக்காக உள்ளே காத்துக் கிடக்கின்றன.
"நான் எதையும் தொடலைங்க."
எல்லா வீட்டிலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.
காபி வந்த பிறகு உண்மை வந்தது:
சனிக்கிழமை, இடம் போதவில்லையென்று
விண்டோஸில் புதிதாக ஒரு டிரைவ் வெட்டியிருக்கிறார்.

அவ்வளவுதான்.
வட்டுக்குள் யாரும் வீடு காலி செய்யவில்லை,
கதவு எண்தான் மாறியது.
ஐந்தில் இருந்த லினக்ஸ் இப்போது ஆறு.
பூட் லோடர், பாவம்,
ஐந்தாம் வாசலில் போய் நின்று
உள்ளே இருப்பவர் பேசும் பாஷை புரியாமல்
தபாலோடு திரும்பி வந்துவிட்டது.
புது எண்ணைச் சொன்னால் போகும்.

சொல்லத்தான் விசைப்பலகை விடவில்லை.
தூலோனிலிருந்து தம்பி அனுப்பியது, பிரெஞ்சு அடுக்கு.
விண்டோஸ் எழுந்துவிட்டால் அதற்குத் தெரியும்.
எதுவுமே எழாத இந்த இருட்டில்
இயந்திரம் அமெரிக்க அடுக்கை மட்டும்தான் நம்புகிறது.
ஏ அடித்தால் க்யூ.
எம் அடித்தால் அரைப்புள்ளி.
அடைப்புக்குறி திறக்க, ஷிஃப்டோடு வால் முளைத்த சி.
மூட, தலையில் கீற்று வைத்த ஏ.
சாய்கோடு வேண்டியபோதெல்லாம்
ஆச்சரியக்குறியை அமுக்கினேன்.
எல், எஸ் மட்டும்
இரண்டு தேசத்திலும் அதே இடத்தில் இருந்தன.
அந்த இரண்டை வைத்துக்கொண்டு வாசல் வாசலாகத் தட்டினேன்.
ஒன்று, தெரியாது என்றது.
ஐந்து, தெரியாது என்றது.
ஆறில் ஹோம் இருந்தது, பூட் இருந்தது,
தொலைந்து கிடைத்தவற்றுக்கென்று ஓர் அடைவும்.

பாதை சொல்லியாயிற்று. கடைசியாக
நார்மல் என்று அடிக்க வேண்டும்.
அதில் இரண்டு எழுத்து ஊர் மாறிக் கிடந்தது.
என், ஓ, ஆர்,
கமா, க்யூ, எல்.

விரலுக்கு உளறல்.
திரையில் நார்மல்.

மூன்று வரி மேலெழுந்து வந்தது.
மேலே லினக்ஸ், கடைசியில் விண்டோஸ்,
பத்து, ஒன்பது என்று கீழே எண்ணிக்கை.
நான் கை நீட்டுமுன் மதாமின் விரல்
கீழ் அம்புக்குப் போய்விட்டது. பழகிய விரல்.
நாற்பத்தொன்றையும் பென் டிரைவில் ஏற்றிய பின்தான்
அவர் மூச்சுவிட்டதைக் கேட்டேன்.

லினக்ஸுக்குள் போய் கிரப்பைத் திரும்ப நிறுவும்போது
கண்ணில் பட்டது:
யாரும் அதைத் திறந்தே மூன்று வருஷம் ஆகியிருந்தது.
"எண்பது ஜிபி சும்மா கிடக்கு மதாம்,
அழிச்சுட்டா இந்தத் தொல்லையே வராது."

மேசை ஓரம் வக்கீல் நோட்டீஸ் ஒன்று.
மேலே காபி டம்ளர் வைத்த வட்டம்.
வட்டத்துக்குள் பாதி தெரிந்த பெயர்
அவருடையதில்லை.

"வேணாம்" என்றார்.
"அது தம்பி பாகம்."

அப்படியானால் விண்டோஸையாவது முதல் வரிக்குக் கொண்டுவரவா என்றேன்.
"பத்து விநாடி இருக்குல்ல, போதும்."

நானூறு ரூபாய். ரசீதில்
பெயர் எழுதினேன், தெரு எழுதினேன்.
கதவு எண் என்ற இடத்தில்
பேனா நின்றுவிட்டது.